நிலை இங்கே, வீடு எங்கே?

செட்டிநாட்டுத் தேக்கு நகரத்து வரவேற்பறைகளுக்கு வண்டி ஏறுகிறது. ஊரில் மிஞ்சுவது என்ன? கிராமத்து வீட்டின் குணம் கெடாமல் சொகுசு மரவேலை அங்கே வாழ வழி உண்டா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. வெயில் ஏறத் தொடங்கும் காலை நேரம். பழைய சாமான் கடை ஒன்றின் வாசலில் பெரிய நிலை ஒன்றை இரண்டு கழிகள் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். மேல்சட்டத்தின் நடுவே கஜலட்சுமி. இரு பக்கமும் துதிக்கை தூக்கிய யானைகள். அதற்கு மேலே கொடிக்கருக்கு, கிளிகள், இதழ் இதழாக விரிந்த தாமரை. கீழ்ப்படியில் மஞ்சள் பூசிய தடம் இன்னும் போகவில்லை. குங்குமப் பொட்டு மங்கிக் கிடக்கிறது. எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் யாரோ ஓர் ஆச்சி குனிந்து இட்ட பொட்டு. எத்தனையோ மருமகள்கள் வலது காலெடுத்துத் தாண்டிய படி.

பக்கச் சட்டத்தில் சாக்கட்டியால் ஓர் எண் எழுதியிருக்கிறது. அந்த நிலைக்குள் எட்டிப் பார்த்தால் முகப்பு இல்லை, வளவு இல்லை. எதிர்ச்சாரிக் கடையின் ஷட்டர் தெரிகிறது.

உள்ளே போனால் ஓர் ஊரே அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. தூண்கள், போதிகைகள், பித்தளைச் சங்கிலியோடு ஊஞ்சல் பலகைகள், கணக்குப்பிள்ளையின் சாய்வு மேசை, பெட்டகங்கள், நீளக் கையுள்ள சாய்வு நாற்காலிகள், ரவிவர்மா அச்சுப் படங்கள், பர்மாவிலிருந்து வந்த மரவைகள், எனாமல் பாத்திரங்கள். சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பங்களா கட்டுகிறவர்களும், பெங்களூரு ஓட்டல்காரர்களும், உள்அலங்கார நிபுணர்களும் இங்கே வந்து போகிறார்கள். எல்லோரும் தேடி வருவது ‘கிராமத்துக் களை’. அந்தக் களையை ஒரு வீட்டுக்குக் கொடுக்கப் பெரும்பாலும் இன்னொரு வீடு பிரிக்கப்பட வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

தரைதான் முதல் சொகுசு

செட்டிநாட்டு வீட்டுக்குள் முதன்முறை நுழைகிறவரை நிறுத்தி வைப்பது அதன் வெறுந்தரை. வாசலில் உருண்டு திரண்ட தேக்குத் தூண்கள் தாங்கும் திண்ணையும் முகப்பும். அதைத் தாண்டினால் வானம் பார்த்த முற்றத்தோடு வளவு. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் அங்கே ஒரு பங்கு. பிறகு இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, சமையல்கட்டு. ஒரு தெருவில் வாசல் தொடங்கினால் அடுத்த தெருவில் கொல்லைக் கதவு முடியும்.

இவ்வளவு பெரிய வீட்டில் நாற்காலி மேசை குறைவு. இருந்த சிலவும் முகப்பிலும் பட்டாலை என்ற கூடத்திலும் வெளியாரை உட்காரவைக்கப் பயன்பட்டன. உள்ளே வாழ்க்கை தரையில் நடந்தது. தடுக்கு விரித்தால் விருந்தாளியின் இருக்கை. பந்திப்பாய் விரித்தால் சாப்பாட்டுக் கூடம். மெத்தை விரித்தால் படுக்கை அறை. பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பினால் கல்யாண வீடு. பாயைச் சுருட்டிவிட்டால் பிள்ளைகள் ஓடியாட மைதானம். பொங்கலன்று ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு பானை என்று வளவில் அடுப்புகள் வரிசை கட்டும். முன்னோருக்குப் படைப்பு நடக்கும் நாளில் வெளியூர்ப் பங்காளிகள் எல்லோரும் அதே தரையில் இலைக்கு முன் உட்காருவார்கள்.

அப்படியானால் அத்தனை தேக்கும் எங்கே போயிற்று? வீட்டின் உடம்பிலேயே போயிற்று. தூணாக, உத்திரமாக, நிலையாக, கதவாக, மச்சுப் பலகையாக. மரத்தை வீட்டின் மேனியாக்கிவிட்டுத் தரையைக் காலியாக விட்டார்கள். நல்ல மரவேலையைக் கிராமத்து வீட்டோடு இணைக்க நினைக்கிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இதில் இருக்கிறது. அந்த வளவில் ஆளுயர முதுகுள்ள சோபா செட்டை வரிசையாகப் போட்டால் தூண்கள் மறைகின்றன, வெளிச்சம் தடுமாறுகிறது, பந்திப்பாய்க்கு இடமில்லை. சாமான் விலையுயர்ந்ததுதான். வீடு ஏழையாகிவிடுகிறது.

■ பெட்டிச் செய்தி: செட்டிநாடு சில குறிப்புகள்

• சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. 96 ஊர்கள் என்பது நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கில் உள்ள பழைய கணக்கு. இன்று எஞ்சியவை எழுபதுக்குச் சற்று அதிகம்.

• பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் எழுந்தவை.

• சுவரின் வழவழப்புக்குக் காரணம் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், வெல்லம் சேர்த்த பூச்சு.

• கானாடுகாத்தான் அரண்மனை ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டியது. காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு 1941ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

• ‘தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்பு’ என்ற பெயரில் செட்டிநாடு 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பிடித்தது.

கடல் கடந்த மரம், உள்ளூர்க் கை

மரம் பர்மாவிலிருந்து வந்தது. லேவாதேவிக்குப் போன நகரத்தார், இராவதி ஆற்றுப் படுகையின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்து வளர்ந்தார்கள். இலங்கை, மலாயா, இந்தோசீனா என்று கடைகள் பரவின. லாபம் ஊருக்கு வீடாகத் திரும்பியது. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று கப்பல் கப்பலாகச் சாமான் இறங்கியது. இறங்கியவற்றை ஊர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பளிங்கு ஓரிடத்தில், உள்ளூர் ஆத்தங்குடிக் கல் ஓரிடத்தில் என்று இடம் பார்த்துப் பதித்தார்கள். தேக்கு கடல் கடந்து வந்தது. அதில் செதுக்கியது உள்ளூர் ஆசாரியின் உளி. அவர் அதில் கண்டது கஜலட்சுமியும் அன்னமும் யாளியும்.

1930களின் உலகப் பொருளாதார மந்தம் முதல் அடி. 1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவுக்குள் நுழைந்தது இரண்டாவது. விடுதலைக்குப் பின் பர்மா அரசு நிலங்களையும், 1960களில் வணிக நிறுவனங்களையும் எடுத்துக்கொண்டது மூன்றாவது. வீடுகள் நின்றன. அவற்றைத் தாங்கிய வருமானம் நின்றுபோனது.

பங்கு போட முடியாத வீடு

பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். வீடு ஒருவருடையது அன்று. நான்கு தலைமுறையில் பங்காளிகள் பல மடங்காகப் பெருகிவிட்டார்கள். ஓடு மாற்ற வேண்டும் என்றால் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் சம்மதிப்பார், ஒருவர் பதில் சொல்லமாட்டார், ஒருவர் இருக்கும் நாடே தெரியாது. இதற்குள் இரண்டு மழைக்காலம் கடந்துவிடும். ஓர் ஓடு நகர்ந்த இடத்தில் நீர் இறங்கும். நீர் இறங்கிய உத்திரத்தில் கறையான் ஏறும். கறையான் ஏறிய கட்டைப் பூட்டி வைப்பார்கள். பூட்டிய வீடு சீக்கிரம் சாகும்.

நிலத்தைப் பிரிப்பது கடினம். மரத்தைப் பிரிப்பது சுலபம். தூணுக்கு இவ்வளவு, நிலைக்கு இவ்வளவு என்று விலை போட்டால் பங்குக் கணக்கு ஒரே நாளில் தீர்ந்துவிடும். விற்கிறவர்களைக் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. அம்மாவின் வைத்தியச் செலவுக்காகவோ, தீராத பங்காளி வழக்கை முடிப்பதற்காகவோ விற்கும் ஒருவருக்கு மரபுரிமைப் பாடம் எடுக்க யாருக்கும் தகுதி இல்லை.

விளைவுகளை மட்டும் சொல்லியாக வேண்டும். முதலில் கழற்றப்படுவது முகப்புத் தூணும் நிலையும். அவைதான் விலைபோகும். கூரையைத் தாங்கியவையும் அவைதான். அவை போனதும் கூரை இறங்குகிறது. கூரை போனதும் சுண்ணாம்புச் சுவர் மழையில் கரைகிறது. ஒரு வீடு விழுந்தால் அந்தத் தெருவின் நேர்கோடு உடைகிறது. இந்த ஊர்களில் கூரை நீர் முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியே தெருவைக் கடந்து ஊருணிக்குப் போகும்படி அமைத்திருந்தார்கள். வீடு இடிந்து வடிகால் தூர்ந்தால் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுகிறது. நகரத்தில் ஒருவர் வரவேற்பறையில் அழகாக நிற்கும் தூண், ஊரில் இத்தனையையும் அசைத்துவிட்டுத்தான் அங்கே போயிருக்கிறது.

வெளிநாட்டு நிலவரமும் இந்த விற்பனையைத் தூண்டுகிறது. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் முழுத் தடிகளை ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. காட்டில் மெதுவாக வளர்ந்து வைரம் பாய்ந்த பழைய பர்மாத் தேக்கு வேண்டும் என்றால், கைக்கெட்டும் காடு இந்தப் பழைய வீடுகள்தான் என்று ஆகிவிட்டது.

நிலை மேசையாகும்போது

நகரத்துக்குப் போன மரத்தின் கதை அங்கே முடியவில்லை. வாசல் கதவின் மேல் கண்ணாடி வைத்துச் சாப்பாட்டு மேசை ஆக்குகிறார்கள். நிலையைக் கட்டிலின் தலைப்பக்கம் பொருத்துகிறார்கள். பூஜை அறைக் கதவு குளியலறைக்குப் போகிறது. கணக்குப்பிள்ளை மேசை காபி மேசையாகிறது.

பயன் மாறுவது தவறில்லை. மரத்தின் இயல்பு தெரியாமல் மாற்றுவதுதான் தவறு. மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்பப் பருக்கும், சுருங்கும். நீளவாட்டில் அசைவு மிகக் குறைவு. அகலவாட்டில்தான் அது மூச்சுவிடுகிறது. பழைய ஆசாரிகள் இதை அறிந்து, கதவின் பலகையைச் சட்டத்தில் ஒட்டாமல் காடியில் செருகினார்கள். கழுந்தும் துளையும் சேரும் இடத்தில் மர முளை அடித்தார்கள். ஐப்பசி மழையில் பலகை பருத்தாலும் சித்திரை வெயிலில் சுருங்கினாலும் காடிக்குள் அதற்கு இடம் இருந்தது. அதே கதவை அசையவிடாமல் பசை போட்டு ஒட்டி, நாள் முழுதும் ஏசி ஓடும் அறையில் வைத்தால் ஈரம் வற்றிப் பலகை சுருங்குகிறது. நகர இடமில்லாமல் நடுவில் பிளக்கிறது. முற்றத்துக் காற்றில் நூறு வருடம் நின்றது குளிரூட்டிய அறையில் கீறல் விடுகிறது.

அடுத்த ஆபத்து சுத்தம் செய்யும் முறை. பழைய பெயின்டை ஒரே நாளில் உரிக்கக் காஸ்டிக் சோடாக் கரைசலில் மரத்தை ஊறவைப்பது உண்டு. பெயின்ட் போகும். கூடவே தேக்கின் இயற்கை எண்ணெயும் போகும். நார் எழுந்து மரம் சாம்பல் பூத்துவிடும். பிறகு எத்தனை பாலீஷ் ஏற்றினாலும் அந்தப் பழைய பொன்னிறம் திரும்பாது. கைவிரல் பட்டுப் பட்டு ஏறிய மினுமினுப்பைத் தயாரிக்கும் ரசாயனம் எதுவும் கிடையாது.

■ பெட்டிச் செய்தி: வாங்கும் முன் கேளுங்கள்

• எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது? வீடு முன்பே விழுந்ததா, இந்த மரத்துக்காகப் பிரிக்கப்பட்டதா? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் நிதானியுங்கள்.

• அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பாருங்கள். பழைய மரத்தில் உளித் தடம், மர முளை, சமமில்லாத இழைப்பு தெரியும். எங்கும் ஒரே சீராக இருந்தால் பழைய மாதிரியில் செய்த புது வேலையாக இருக்கலாம். புது வேலை என்று சொல்லி விற்றால் அது நேர்மையான பொருள்தான்.

• 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத கலை, கைவினைப் பொருட்கள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய அனுமதி இல்லை.

• ஏசி அறையில் வைப்பதானால் காடிப் பலகையைப் பசை போட்டு ஒட்டச் சொல்லாதீர்கள்.

விருந்தாளி வந்த வீடுகள்

மரம் வீட்டை விட்டுப் போகாமலே வருமானம் தர முடியுமா? முடியும் என்று சில வீடுகள் காட்டியிருக்கின்றன. காரைக்குடியில் ‘தி பங்களா’ 1999இல் விருந்தினருக்குக் கதவு திறந்தது. கானாடுகாத்தானில் தந்தை ஒருவர் மகளுக்காகக் கட்டிய ‘விசாலம்’, கடியாபட்டியில் ‘சிதம்பர விலாஸ்’, கொத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் சீரமைத்த ‘சாரதா விலாஸ்’ ஆகியவை அடுத்தடுத்து அந்த வழியில் வந்தன.

இப்படி ஒரு வீட்டை விடுதியாக்குவது எளிய காரியம் இல்லை. தரையில் படுத்துப் பழகாத விருந்தாளிக்குக் கட்டில் வேண்டும். அறைக்குள்ளேயே குளியலறை வேண்டும். ஏசி வேண்டும். சாமான் சேமிக்கவும் உடை மாற்றவும் என்று கட்டிய சிறு அறைக்குள் இத்தனையையும் நுழைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் வடிவமைப்பாளரின் அடக்கம் சோதனைக்கு உள்ளாகிறது.

நன்றாகச் செய்த இடங்களில் சில பொது விதிகள் கண்ணில் படுகின்றன. புதுச் சாமான் தூணைவிட உரத்துப் பேசுவதில்லை. முற்றத்தின் நடுவில் எதுவும் இல்லை. வெயிலும் மழையும் மட்டும். இருக்கைகள் தாழ்வாக, தரையில் உட்காருகிறவரின் கண் மட்டத்தை மறைக்காமல் இருக்கின்றன. கட்டிலின் கால் எளிமையாக இருக்கிறது, ஏனென்றால் பின்னால் இருக்கும் கதவில் வேலைப்பாடு போதுமான அளவு உண்டு. பெட்டகம் பெட்டகமாகவே நிற்கிறது. ஊஞ்சல் ஆடுகிறது.

மாமல்லபுரம் சாலையில் முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகம் வேறொரு வழி. அங்கே செட்டிநாட்டு வணிகர் வீடு ஒன்றின் மரவேலைகளைக் கொண்டுவந்து நிறுவியிருக்கிறார்கள். ஊரில் காப்பாற்ற முடியாமல் போனதைப் பிள்ளைகள் பார்க்கவாவது வைத்திருப்பது நல்ல காரியம். ஆனால் அங்கே பொங்கல் பானையோடு பங்காளிகள் வருவதில்லை. அருங்காட்சியகம் கடைசிப் புகலிடம். முதல் தேர்வாக ஊர்தான் இருக்க வேண்டும்.

புது நாற்காலி, பழைய அளவு

எல்லா வீட்டையும் விடுதியாக்க முடியாது. ஆக்கவும் கூடாது, ஊரே விடுதியானால் பிறகு ஊர் எங்கே? சொகுசு மரவேலைக்கும் கிராமத்துக்கும் இடையே நிலைத்த உறவு வேண்டுமானால் அது பட்டறையில்தான் தொடங்க முடியும்.

இன்று ஊர்ப் பட்டறைகளுக்கு அதிகம் வருவது பழுது பார்ப்பும் பாலீஷும். பழைய தூண் ஒன்று கைமாறும்போது ஆசாரிக்குக் கிடைப்பது உப்புத்தாள் தேய்க்கும் கூலி. புதிய கட்டில் ஒன்று செய்யச் சொன்னால் மரம் அறுப்பதில் தொடங்கிக் கடைசல், கழுந்து, செதுக்கல், மெருகு என்று ஆசாரி வீட்டில் மூன்று பேருக்கு வேலை. பழையதை விற்றுத் தீர்த்தால் தீர்ந்தது. கையை வேலையில் வைத்திருந்தால் அது அடுத்த கையைப் பழக்கும். மகன் பெயின்ட் கடை வேலைக்குப் போவதும் உளியைத் தொடுவதும் இந்த ஆர்டரைப் பொறுத்திருக்கிறது.

மரத்தோடு சேர வேண்டியவையும் பெரும்பாலும் அந்தப் பக்கமே கிடைக்கின்றன. ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமென்ட் கலவையைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் பரப்பிக் கல் செய்கிறார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதோடு சரி. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் மினுமினுப்பு. நடக்க நடக்க மெருகேறும் தரை அது. இரும்புக்கால் நாற்காலியை இழுத்தால் கீறும். ஆகவே அதன் மேல் வைக்கும் சாமானுக்கு அகன்ற மரக்கால் வேண்டும், எளிதில் தூக்கி வைக்கும் எடை வேண்டும். இப்படித் தரை தனக்கேற்ற நாற்காலியைச் சொல்லிக் கொடுக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுப் பனையோலைக் கொட்டானும், காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையின் கட்டமும், திருநெல்வேலிப் பக்கமிருந்து வரும் பத்தமடைப் பாயும் உண்டு. கண்டாங்கித் துணியில் மெத்தை உறை, கோரைப் பின்னலில் நாற்காலி முதுகு, பனையோலைப் பின்னலில் அலமாரிக் கதவு என்று ஒரு வடிவமைப்பாளர் யோசிக்கத் தொடங்கினால் ஓர் அறை முழுவதும் முப்பது நாற்பது மைலுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். வெளிநாட்டு மரத்தைத் தேடவும் தேவையில்லை. வேம்பும் பூவரசும் பலாவும் வாகையும் நம் ஆசாரிகள் அறிந்த மரங்கள்தான்.

அளவும் முக்கியம். கிராமத்து வீட்டில் பெரியவர்கள் இன்னும் சம்மணமிட்டு உட்காருகிறார்கள். அகன்று தாழ்ந்த இருக்கை இருந்தால் அவர்களும் உட்காருவார்கள், பேரப்பிள்ளைகளும் ஏறுவார்கள். திண்ணை சொல்லித் தந்த அளவு அது. தெருவில் போகிறவர் கேட்காமலே உட்காரக்கூடிய இருக்கையைத்தான் நம் முன்னோர் வீட்டின் முகத்தில் வைத்தார்கள். சொகுசு என்பதை அவர்கள் பூட்டி வைக்கவில்லை.

யார் என்ன செய்யலாம்?

பங்காளிகள் முதலில் ஒன்றைச் செய்யலாம்: விற்பதா வேண்டாமா என்ற பேச்சு முடியும்வரை கூரையை மட்டும் சரிசெய்வது. ஓடு மாற்றும் செலவு சிறியது. அது வாங்கித் தரும் காலம் பெரியது. கூரை நின்றால் யோசிக்க நேரம் இருக்கும்.

அரசிடம் 2012ஆம் ஆண்டின் மரபு ஆணையச் சட்டம் இருக்கிறது. தனியார் வீட்டைக் காக்கச் சொல்லும் சட்டம், அதைக் காக்கும் குடும்பத்துக்குக் கைகொடுக்கவும் வேண்டும். பழுது பார்க்கக் குறைந்த வட்டிக் கடன், சுண்ணாம்புப் பூச்சும் மரவேலையும் அறிந்தவர்களின் ஊர்வாரிப் பட்டியல், பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளைகளை ஆசாரியோடு உட்காரவைக்கும் பயிற்சி ஆகியவை அதிகம் செலவு பிடிக்காதவை.

வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலையில் ஆசாரியின் பெயரை எழுதலாம். ஓவியத்தின் மூலையில் ஓவியர் பெயர் இருக்கிறது. கட்டிலின் அடிச்சட்டத்தில் செய்தவர் பெயரும் ஊரும் இருந்தால் அந்தப் பொருள் எங்கே போனாலும் ஊரைச் சுமந்து போகும்.

வாங்குகிறவர்கள்? அந்த முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத் திரும்பிப் போவோம். நிலைக்கு முன் நின்று விலை கேட்கிறவரின் ஆசையை நான் மதிக்கிறேன். தன் வீட்டு வாசலில் ஒரு மங்கலம் நிற்க வேண்டும் என்ற ஆசை அது. ஆனால் நம் வழக்கத்தில் நிலை என்பது வாங்கி வைக்கும் பொருளாக மட்டும் இருந்ததில்லை. புது வீடு கட்டும்போது நல்ல நாள் பார்த்து நிலை வைப்போம். மஞ்சள் பூசி, பூச்சூட்டி, நவதானியம் இட்டு, ஆசாரிக்கு வேட்டி துண்டும் வெற்றிலைபாக்கும் தட்சணையும் கொடுத்த பிறகுதான் சுவர் எழும். அன்று அந்த வாசலில் முதல் மரியாதை அவருக்கு.

கடை வாசலில் நிற்கும் நிலைக்கு அந்த மரியாதை எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. பெற்றுக்கொண்டவரும் இன்று இல்லை. அவருடைய பேரனோ, அவரிடம் தொழில் பழகியவரின் பேரனோ பக்கத்து ஊர்ப் பட்டறையில் உப்புத்தாளோடு உட்கார்ந்திருக்கக்கூடும். அவரைத் தேடிப் போய் ஒரு புது நிலை செய்யச் சொல்லுங்கள். நிலை வைக்கும் நாளில் அவரையே அழைத்து முன்னால் நிறுத்துங்கள்.